என்கிட்டதானே குடுத்தாங்க

திருப்பதி பஸ் நிலையத்துக்கு எதிரே, ஸ்ரீனிவாசம் பக்கமாக நின்ற ஒரு தள்ளுவண்டியில் மசால் வடை வாங்கினேன். வேலூர் பஸ் வர நேரமிருந்தது. தின்று முடித்துக் கையைத் துடைக்கப் போனபோதுதான் காகிதத்தைப் பார்த்தேன். ஏதோ ஒரு லாட்ஜின் பதிவேட்டை ஜெராக்ஸ் எடுத்த தாளில் பாதி. வரிசை எண், பெயர், ஊர், எத்தனை பேர், வண்டி நம்பர், செல் நம்பர் என்று கட்டம் கட்டமாக இருந்தது. எண்ணெய் ஊறிய இடத்தில் எழுத்து இன்னும் பளிச்சென்று தெரிந்தது. விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம். அப்பா, அம்மா, இரண்டு பெண்பிள்ளைகள். பிள்ளைகளின் வயதுகூட எழுதியிருந்தது.

வண்டிக்கார அம்மாவிடம் இந்தக் காகிதம் எங்கே கிடைக்கிறது என்று கேட்டேன். "பழைய பேப்பர் கடையில கிலோ கணக்குல போடறாங்க சாமி. நியூஸ் பேப்பரவிட இது கெட்டியா இருக்குது" என்றார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. தாளைக் கிழித்து, நம்பர் இருந்த பக்கத்தை மட்டும் இன்னும் பொடியாக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். பஸ் சந்திரகிரியைத் தாண்டும்வரை அந்தப் பிள்ளைகளின் வயதுதான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. காணிப்பாக்கம் போகிற சாலை பிரியும் இடத்தில் நைனாவின் பேரேடு ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

எங்கள் நைனா சித்தூரில் ஒரு வெல்ல மண்டியில் கணக்கெழுதினார். சுற்றுவட்டாரத்துக் கரும்பெல்லாம் ஆலையாடி உருண்டை உருண்டையாக வந்து இறங்கும் மண்டிகள் அவை. சட்டையைத் துவைத்துப் போட்டாலும் வெல்ல வாசனை போகாது. மண்டி வேலை போக அவருக்கு இன்னொரு வேலை இருந்தது. ஊரிலிருந்த ஒரு சின்னத் தமிழ் மன்றத்துக்கு அவர்தான் செயலாளர், பொருளாளர், எடுபிடி எல்லாம். சம்பளமில்லாத வேலை. ஆனால் மண்டிக் கணக்கில் காட்டிய அதே சுத்தத்தை அதிலும் காட்டினார்.

சித்தூரில் தமிழ் மன்றம் ஏன் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். 1911இல்தான் வட ஆற்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் என்று ஒன்றை உண்டாக்கினார்கள். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது மாவட்டம் அப்படியே அந்தப் பக்கம் போனது. தமிழ்ப் பகுதிகளைத் திரும்பக் கேட்டு ம.பொ.சி.யும் அவரோடு நின்றவர்களும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், எல்லை பற்றிய படாஸ்கர் பரிந்துரை என்று பல படிகள் ஏறி இறங்கி, 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. திருப்பதியும் சித்தூரும் ஆந்திராவிலேயே இருந்துவிட்டன. கடையில் தெலுங்கு, வீட்டில் தமிழ் என்று நாங்களும் அப்படியே பழகிப்போனோம்.

அந்தப் போராட்ட நாட்களில் ஏதோ ஒரு மனுவில் எங்கள் தாத்தா கையெழுத்துப் போட்டிருந்தாராம். கையெழுத்துப் போட்டவர்களின் பட்டியல் எப்படியோ வேறு கைகளுக்குப் போக, அதில் இருந்த சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் சிலர் கொஞ்ச நாள் நிம்மதியில்லாமல் திரிந்தார்கள் என்று தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். நைனா அந்தக் கதையை மறக்கவேயில்லை.

மன்றத்தின் பேரேடு சிவப்புத் துணி பைண்டு போட்டது. உறுப்பினர் பெயரும் விலாசமும் அதில் இருக்கும். மாதாமாதம் கூட்ட அறிவிப்பு போக வேண்டும். மெழுகுத்தாளில் எழுத்தாணியால் எழுதி, சைக்ளோஸ்டைல் மெஷினில் கறுப்பு மையை உருட்டினால் ஈரமாக ஒவ்வொரு தாளாக வந்து விழும். அந்த மையின் வாசனையும் வெல்ல வாசனையும் கலந்ததுதான் எனக்கு ஞாயிற்றுக்கிழமை. சில மாதங்களில் தாளுக்குப் பதில் 15 பைசா கார்டு. நான் பேரேட்டைப் பார்த்து விலாசம் படிக்க, அக்கா எழுதுவாள். கடைசியில் பின்கோடு. உள்ளூர் என்றால் 517001, திருப்பதி என்றால் 517501. கடைசிக் கார்டு எழுதி முடித்ததும் நைனா பேரேட்டை எங்களிடமிருந்து வாங்கி டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார். நகை இருந்த பீரோவுக்குக்கூட எங்கள் வீட்டில் பூட்டு கிடையாது.

ஒரு தடவை பெரிய ஜவுளிக்கடை முதலாளி ஒருவர் வீட்டுக்கே வந்தார். நல்ல மனிதர், மன்றத்துக்கு நன்கொடை கொடுத்தவர். தீபாவளிக்கு எல்லாருக்கும் காலண்டரும் தள்ளுபடிச் சீட்டும் அனுப்ப வேண்டும், பட்டியலை ஒரு பிரதி எடுத்துக்கொடுங்கள் என்றார். காப்பி வாய்க்குள் போகுமுன் நைனா முடியாது என்று சொல்லிவிட்டார். வந்தவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"எல்லாரும் நம்ம ஆளுங்கதானே சார். அட்ரஸ்ல என்ன இருக்குது? போஸ்ட்மேனுக்குத் தெரியாததா?"

"தெரியும். ஆனா அவங்க என்கிட்டதானே குடுத்தாங்க. உங்ககிட்ட குடுக்கலையே."

பிறகு நைனாவே ஒரு வழியும் சொன்னார். நீங்கள் காலண்டரைச் சுருட்டி, ஸ்டாம்பு ஒட்டி, விலாசம் எழுதாமல் கொண்டுவந்து கொடுங்கள். நானும் பிள்ளைகளும் விலாசம் எழுதித் தபாலில் சேர்த்துவிடுகிறோம். யாருக்கு விருப்பமோ அவர்கள் உங்கள் கடைக்கு வருவார்கள். அந்தத் தீபாவளிக்கு எங்கள் கூடம் முழுக்கக் காலண்டர் சுருள். எனக்கும் அக்காவுக்கும் விரல் வலித்தது. வெறும் இரண்டு தாளைக் கொடுத்திருந்தால் முடிந்திருக்கும் வேலை.

அவர் பிடிவாதத்தின் அருமை எனக்குப் புரிந்தது ஒரு டீச்சர் விஷயத்தில்.

மதனப்பள்ளியிலிருந்து மாற்றலாகி வந்த டீச்சர் அவர். கிரீம்ஸ்பேட்டையில் வயதான தாயாருடன் குடியிருந்தார். மன்றக் கூட்டத்துக்கு வந்தால் பின்வரிசையில் உட்கார்ந்து, நன்றியுரைக்கு முன்பே எழுந்து போய்விடுவார். ஒரு நாள் மத்தியானம் நைனாவுக்குச் சோறு கொண்டுபோயிருந்தேன். மண்டியில் எடை போட்டுக்கொண்டிருந்த நேரம். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வந்து டீச்சரின் பெயரைச் சொல்லி, "உங்க மன்றத்துல மெம்பராமே, வீடு எங்கேன்னு சொல்லுங்க. நான் அத்தை பையன். ஊர்ல பெரியவங்களுக்கு உடம்பு சரியில்ல" என்றார்.

நைனா பேனாவை மூடி வைத்தார். "அப்படியா, ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க. இன்னைக்கு சாயங்காலமே சேர்த்துடறேன்" என்றார்.

"கடுதாசி எதுக்கு? நேர்ல போகணும்."

"எழுதிக் குடுங்க. அவங்க வரச் சொன்னா நானே கூட்டிட்டுப் போறேன்."

அந்த மனிதர் குரலை உயர்த்தினார். நீ யார் நடுவில் என்றார். மண்டி முதலாளியிடம் போனார். முதலாளி தெலுங்கில், சொல்லிவிட்டால் என்ன, பாவம் அவசரமாம் என்றார். நைனா எழுந்து நின்று, கைகட்டிக்கொண்டு, அதையே திரும்பச் சொன்னார். அவங்க என்கிட்டதானே குடுத்தாங்க. முதலாளிக்கு முன்னால் நைனா மறுத்துப் பேசி நான் பார்த்தது அன்றைக்குத்தான். காகிதமும் பேனாவும் அந்த ஆள் முன்னால் அப்படியே கிடந்தன. அவர் கடைசிவரை அதைத் தொடவில்லை.

சாயங்காலம் நைனா தான் போகாமல் அம்மாவை அனுப்பினார். துணைக்கு நான் போனேன். அம்மா விஷயத்தைச் சொல்லச் சொல்ல டீச்சர் எழுந்துபோய் முதலில் வாசல் கதவைத் தாழ் போட்டார். பிறகு ஜன்னலைச் சாத்தினார். அதன்பிறகுதான் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஒரு வருஷமா அந்தாளு கண்ணுல படாம இருக்கேன்க்கா" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. வந்த ஆள் யார், புருஷனா, புருஷன் வீட்டாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை.

அதற்குப் பிறகு நைனா பேரேட்டை இரண்டாக்கினார். ஒன்றில் பெயரும் ஓர் எண்ணும். இன்னொன்றில் எண்ணும் விலாசமும். மண்டியில் விவசாயிகளின் கணக்கைப் பக்க எண்ணை வைத்துத் தேடுகிற வழக்கம் உண்டு. அதையே இங்கே கொண்டுவந்தார். ஒரு புத்தகம் யார் கையில் கிடைத்தாலும் மற்றது இல்லாமல் பிரயோஜனமில்லை. பெயரை ஒரு பக்கமும் விவரத்தை ஒரு பக்கமும் பிரித்து வைக்க வேண்டும் என்று இன்று கம்ப்யூட்டர் படித்தவர்கள் சொல்லும்போதெல்லாம் அந்த இரண்டு சிவப்பு பைண்டுகள்தான் எனக்குத் தெரிகின்றன.

அந்தக் காலத்தில் விலாசம் ரகசியமாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. பத்திரிகைகளில் பேனா நண்பர் பகுதி வரும். பெயர், வயது, பொழுதுபோக்கு, முழு விலாசம் எல்லாம் அச்சாகும். டெலிபோன் வைத்திருந்தவர்களின் பெயர், நம்பர், தெரு எல்லாம் டைரக்டரியில் ஊரறியக் கிடந்தது. எங்கள் அக்காவே பேனா நண்பர் பகுதிக்குத் தன் விலாசத்தை எழுதிப்போட்டாள். வெளியான வாரத்திலிருந்து போஸ்ட்மேன் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து போட்டார். பாதிக் கடிதம் படிக்கவே லாயக்கில்லாதவை. சைக்கிளில் தெருவைச் சுற்றிய பையன்களும் உண்டு. அம்மா அழுதாள். நைனா அக்காவைத் திட்டவில்லை. அது அவள் விலாசம், அவள் கொடுத்தாள் என்பதோடு விட்டுவிட்டார். அந்தக் குவியலில் ஈப்போவிலிருந்து ஒரு பெண் எழுதிய கடிதமும் இருந்தது. அந்தச் சிநேகிதம் இரண்டு பேருக்கும் பேரன் பேத்தி வந்த பிறகும் நீடிக்கிறது. தானாகக் கொடுப்பதற்கும், நம்பிக் கொடுத்ததை இன்னொருவர் எடுத்து நீட்டுவதற்கும் உள்ள வித்தியாசத்தை எனக்கு முதலில் காட்டியது அக்காவின் கடிதக் குவியல்தான்.

பிறகு இமெயில் வந்தது. 1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் பெரிய நகரங்களில் இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது. எங்கள் பக்கம் அது வந்துசேரக் கொஞ்ச வருஷம் பிடித்தது. திருப்பதியில் யுனிவர்சிட்டி பக்கம் பிரவுசிங் சென்டர்கள் முளைத்தன. பலகைத் தடுப்புக்குள் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. ஹாட்மெயிலிலும் யாஹூவிலும் ஆளுக்கொரு விலாசம். கூடப் படித்த ஒருவர் பழைய நண்பர்களையெல்லாம் சேர்க்கிறேன் என்று உற்சாகமாகக் கிளம்பி, அத்தனை பேர் விலாசத்தையும் ஒரே கட்டத்தில் வரிசையாகப் போட்டுக் கடிதம் அனுப்பினார். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு மாதத்துக்குள் அதே வரிசையை எடுத்து ஒருவர் மனை விற்றார், ஒருவர் இன்சூரன்ஸ் விற்றார். யாரென்றே தெரியாதவர்கள் லாட்டரி விழுந்திருப்பதாக எழுதினார்கள். எங்களோடு படித்த ஒரு பெண், தன் விலாசம் யார் யாருக்குப் போயிருக்கிறது என்று என்னிடம் தனியாகக் கேட்டார். சொல்ல எனக்கு வழியில்லை. அவர் அந்த விலாசத்தையே மூடிவிட்டார். அதோடு எங்களுக்கும் அவருக்கும் தொடர்பு அறுந்துபோனது.

வேண்டாத விளம்பர மெயிலின் தொடக்கமே ஒரு பட்டியலில்தான் இருக்கிறது என்று பிறகு படித்தேன். 1978 மே மாதம், அமெரிக்காவின் அர்ப்பாநெட்டில், கேரி தூர்க் என்ற கம்ப்யூட்டர் கம்பெனி விற்பனையாளர், தன் கம்பெனியின் புது மெஷின்களைக் காட்டும் கூட்டத்துக்கு அழைப்பு அனுப்பினார். விலாசங்கள் கிடைத்தது அச்சடித்த உறுப்பினர் கையேட்டிலிருந்து. உட்கார்ந்து ஒவ்வொன்றாக டைப் செய்தார்கள். ஏறக்குறைய 400 பேர். விலாசத்துக்கான இடம் போதாமல், மிச்சப் பெயர்கள் கடிதத்தின் உள்ளேயே வழிந்துவிட்டன. ஆராய்ச்சிக்காரர்கள் ஒருவரையொருவர் கண்டுபிடிக்க அச்சிட்ட கையேடு அது. எங்கள் ஜவுளிக்கடைக்காரர் காலண்டருக்காவது ஸ்டாம்பு ஒட்ட வேண்டியிருந்தது. இமெயிலில் அந்தச் செலவும் இல்லை. 400 பேருக்கு அனுப்பினாலும் நாலு லட்சம் பேருக்கு அனுப்பினாலும் அனுப்புகிறவன் கை வலிப்பதில்லை.

இத்தனைக்கும் மெயிலில் ஒருவர் விலாசம் மற்றவருக்குத் தெரியாமல் அனுப்பும் வசதி ஆரம்ப காலத்திலிருந்தே இருக்கிறது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் படித்தவர்களுக்கு அது புதிதல்ல. கார்பன் வைத்து எடுக்கும் பிரதி யாருக்குப் போகிறது என்பதைச் சில சமயம் கடிதத்தில் குறிக்காமல் விடுவார்கள். அதே பழக்கம்தான் பிசிசி என்ற பெயரில் மெயிலில் உட்கார்ந்திருக்கிறது. நைனா விலாசமில்லாத காலண்டரை வாங்கித் தானே எழுதிச் சேர்த்த காரியத்தை ஒரு கட்டத்தை மாற்றிப் போட்டாலே செய்துவிடலாம். சங்கச் செயலாளர்களில் எத்தனையோ பேர் இன்றும் அதைச் செய்வதில்லை.

திருமலைக்குப் போகிறவர்களுக்குப் பெயரும் எண்ணும் கொடுப்பது இப்போது மூச்சு விடுவதுபோல் ஆகிவிட்டது. நான் சிறுவனாக இருந்தபோது கொட்டகையில் அடைத்து வைத்துக் கதவைத் திறந்துவிடுவார்கள், அவ்வளவுதான். பிறகு மணிக்கட்டில் பட்டை கட்டி நேரம் குறித்துக்கொடுத்த சுதர்சனம் முறை வந்தது. அப்புறம் ஆதார் காட்டி டோக்கன். 2023 மார்ச்சில் அறை கொடுக்கவும் டோக்கன் இல்லாத தரிசனத்துக்கும் முகத்தைப் படம் பிடித்து ஒப்பிடும் முறையைத் தேவஸ்தானம் சோதனையாகத் தொடங்கியது. அடுத்தவர் பெயரில் அறை பிடித்து விற்ற தரகர்களை நிறுத்த இது உதவும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தரகர்களிடம் பணம் கொடுத்து ஏமாந்த கிராமத்துக் குடும்பங்களைப் பார்த்தவன் நான். கேட்பதைக் குறை சொல்ல மாட்டேன். கேட்டு வாங்கிய இடம் எதுவானாலும், வாங்கியதை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறவர் ஒருவர் அங்கே இருக்க வேண்டும் என்பதுதான் என் கவலை.

பூட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதை எங்கள் மாநிலமே பார்த்தது. 2018இல், ஆந்திராவின் அன்ன சஞ்சீவினி மலிவு விலை மருந்துக் கடைகளில் வாங்கியவர்களின் பெயரும் போன் நம்பரும் வாங்கிய மருந்தின் விவரமும் அரசு இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி கிடந்தன. ஸ்ரீநிவாஸ் கொடாலி என்ற ஆய்வாளர் அதை வெளியே சொன்னார். சர்க்கரைக்கா, மனநோய்க்கா, தாம்பத்தியக் குறைக்கா, யார் எதற்கு மருந்து வாங்கினார் என்பதைப் பக்கத்து வீட்டுக்காரர் படிக்கலாம். பணம் குறைவு என்பதால்தானே அந்தக் கடைக்குப் போனார்கள்? ஏழை என்றால் மானம் மலிவா? அதே வருஷம் மாநில வீட்டுவசதிக் கழகத்தின் தளத்தில் லட்சத்துக்கு மேற்பட்ட பயனாளிகளின் ஆதார் எண்கள் வெளியே தெரிந்த செய்தியும் வந்தது. இதற்கெல்லாம் முந்தின வருஷம்தான், 2017 ஆகஸ்ட் 24 அன்று, உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமுகமாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்திருந்தார்கள். வழக்குப் போட்டவர் 80 வயதைத் தாண்டிய ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது. அதற்கான விதிகள் வெளிவர 2025 நவம்பர் ஆனது. முக்கியமான கடமைகளுக்கு அதற்கு மேலும் 18 மாதம் அவகாசம். சட்டம் நல்லதுதான். பழைய பேப்பர் கடைவரை அது எப்போது நடந்து வரும் என்றுதான் பார்க்க வேண்டும்.

எங்கள் பக்கத்துப் பாதயாத்திரைக் குழு ஒன்றில் சில வருஷமாக நானும் சேர்ந்து நடக்கிறேன். புரட்டாசியில் சித்தூரிலிருந்து கிளம்பி, சீனிவாச மங்காபுரம் போய், ஸ்ரீவாரி மெட்டு வழியாக மலை ஏறுவோம். குழுவை நடத்துகிறவர் செல்போன் கடை வைத்திருக்கும் தம்பி. துடியான ஆள். போன தடவை, வருகிற எல்லாருடைய பெயர், வயது, ரத்தவகை, வீட்டு விலாசம், நம்பர் எல்லாவற்றையும் அட்டவணையாக்கி வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். பெண்கள் சிலர் சத்தமில்லாமல் குழுவிலிருந்து விலகினார்கள். அவருக்குக் காரணம் பிடிபடவில்லை.

கடைக்குப் போய்ப் பேசினேன். "எமர்ஜென்சின்னா வேணும்ல அண்ணே. வழியில யாராவது மயங்கி விழுந்தா வீட்டுக்குச் சொல்ல வேணாமா?" என்றார். நியாயமான கேள்வி. விவரமெல்லாம் உங்களிடம் இருக்கட்டும், கழுத்தில் மாட்டுகிற அட்டையில் பெயருக்குக் கீழே உங்கள் நம்பரை மட்டும் போடுங்கள் என்றேன்.

"அப்ப எல்லாரும் என்னைத்தானே கூப்பிடுவாங்க?"

"ஆமா."

கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அட்டவணையை எல்லாருக்குமாக அழித்தார். அழித்த பிறகும் சிலர் போனில் இறங்கிய பிரதி இருக்குமே என்று அவரே சொல்லி, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அழிக்கச் சொன்னார். இந்தப் புரட்டாசியில் மெட்டில் ஏறும்போது வேலூர்ப் பெரியவர் ஒருவர் கூட்டத்தில் பிரிந்துவிட்டார். யாரோ புண்ணியவான் அட்டையைப் பார்த்து இவருக்கு போன் செய்தார். தம்பி பாதிப் படியிலிருந்து கீழே இறங்கிப் போய் அவரைக் கூட்டிக்கொண்டு, வேலூரில் அவர் மகளுக்குத் தானே பேசி, மறுபடி முதல் படியிலிருந்து ஏறினார். மேலே வந்து சேர்ந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. அப்போதும் யாரோ பஸ் நேரம் கேட்டுக் கூப்பிட்டார்கள். படியில் உட்கார்ந்து, காலை அமுக்கிக்கொண்டே, பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.